மில்லுக்குள்ளே ஒரு பரண்

"ஏங்கண்ணு, மில்லுக்குள்ளயா குடியிருக்கற?" வீடியோ காலில் அம்மாயி கேட்டபோது சிரித்துவிட்டேன். அப்புச்சி கோயமுத்தூர் நூல் மில்லில் முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர். பேரன் மான்செஸ்டரில் மில்லுக்கே குடிபோனது அம்மாயிக்குப் புரியவே இல்லை.

நாங்கள் இருப்பது அன்கோட்ஸில். 1798-ல் கட்டத் தொடங்கிய மரேஸ் மில்ஸ் உட்பட, இங்கே பழைய பருத்தி மில்கள் பலவும் இன்று ஃபிளாட்டுகள். எங்கள் கட்டடத்திலும் உயரமான கூரை, பகல் வெளிச்சத்திலேயே வேலை பார்க்க வைத்த பெரிய ஜன்னல்கள், நடுவில் வார்ப்பிரும்புத் தூண்கள். அந்த உயரத்தைப் பிரித்துப் போட்டதுதான் எங்கள் மெஸனைன். அம்மாயி பாஷையில் பரண். மேலே படுக்கை, கீழே ஹாலும் சமையலும். கல்யாணமான புதிதில் பார்த்து மயங்கி வாங்கினோம்.

மகள் நடக்க ஆரம்பித்ததும் மயக்கம் தெளிந்தது. பரண் விளிம்பில் இருந்த தடுப்பில் கம்பிகள் படுக்கைவாட்டில் ஓடும். பார்க்க அழகு, ஒன்றரை வயசுக்காரிக்கு ஏணி. ஒரு ஞாயிறு காலை, மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். காபி போட்டபடி நிமிர்ந்து பார்த்தால், மகள் இரண்டாவது கம்பியில் நின்று எனக்குக் கை ஆட்டுகிறாள். கத்தினால் பயந்து விழுவாள். சிரித்துப் பேசிக்கொண்டே படியேறினேன். தூக்கின பிறகுதான் கால் நடுங்கியது.

"வித்துட்டு வேற வீடு பாருங்க" என்றார்கள் எல்லோரும். பட்ஜெட் இடம் தரவில்லை. மாற்றி அமைப்பது என்று முடிவு செய்தோம். ஆனால் இது பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம். இங்கிலாந்தில் அந்தப் பாதுகாப்பு உள்பக்கத்துக்கும் உண்டு. கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதி இல்லாமல் செய்தால் கிரிமினல் குற்றம். அதனால் ஒரு ஆணி அடிக்கும் முன்பே கவுன்சிலுக்கு எழுதினோம். யாரோ எழுதின பழைய கோடில் கை வைக்கிற மாதிரிதான்: எது எதைத் தாங்குது என்று தெரியாமல் எதையும் அழிக்கக் கூடாது.

முதலில் தடுப்பு. இப்போது நெட்டுக்குத்தான கம்பிகள். எந்த இடைவெளியிலும் 100 மி.மீ. பந்து நுழையக் கூடாது, ஏறுவதற்குக் கால் வைக்க இடம் இருக்கக் கூடாது என்பது இங்குள்ள கட்டட விதிகளின் வழிகாட்டல்.

அடுத்து இடமாற்றம். என் மேஜை மேலே போனது. படுக்கை பரணுக்கு அடியில் வந்தது. அறைச்சுவர் தன் காலிலேயே நிற்கும் மரச் சட்டம். தூணிலும் செங்கலிலும் துளையே போடவில்லை. சட்டத்தின் மேல்பாதி கண்ணாடி என்பதால் ஜன்னல் வெளிச்சம் உள்ளே வருகிறது. தீப்பிடித்தால் அடுப்பைத் தாண்டாமல் வெளிக்கதவுக்குப் போக வேண்டுமே. அதற்காக பிளானை இரண்டு முறை மாற்றினோம்.

ஹால் பாதியானது, பெரிய சோபா போனது. சூடான காற்று மேலே தேங்குவதால் கோடையில் வேர்ப்பது நான்தான், அவள் இல்லை.

போன வாரம் அம்மாயிக்குக் காட்டினேன். "அந்தத் தூணு அப்படியே இருக்குதா கண்ணு?"

"தொடவே இல்லைங்க அம்மாயி."

"அப்பச் சரி. உங்கப்புச்சி இருந்திருந்தா ஒருக்கா தட்டிப் பாத்திருப்பாரு."

இந்த மாதிரி ஃபிளாட் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: ஏஜென்ட் கூரையைக் காட்டும்போது, நீங்கள் ஒரு தடவை தரையில் உட்கார்ந்து பாருங்கள். குழந்தைக்கு அந்த வீடு எப்படித் தெரியும் என்று புரியும்.