முனிவரைச் சொல்லிப் பாட்டியை மறைப்பது

மாதத்துக்கு ஓர் அரங்கேற்ற அழைப்பிதழாவது வீட்டுக்கு வந்துவிடுகிறது. வழவழப்பான தாள், தங்க எழுத்து, உச்சியில் நடராஜர். ஆடப்போகும் பெண்ணின் படத்துக்குக் கீழே தவறாமல் ஒரு வரி இருக்கும்: ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பரத முனிவர் வகுத்த தெய்வீகக் கலை. தொகுப்புரை சொல்பவர் மேடையில் அதை விரித்துச் சொல்வார். பழங்காலம் முதல் மாறாமல் வருவது, கோயிலில் பிறந்தது, நடுவில் கெட்டது, பெரியவர்கள் மீட்டார்கள். நான்கே வாக்கியத்தில் கதை முடிந்துவிடும். நானும் பல ஆண்டுகள் கைதட்டியவன்தான். ஆனால் அந்த நான்கையும் தனித்தனியே உரசிப் பார்த்தால் ஒன்றுகூடச் சொன்னபடி நிற்கவில்லை.

1. ‘ஈராயிரம் ஆண்டாக மாறாதது’

தமிழ் மண்ணில் ஆடல் பழையது என்பதில் வழக்கே இல்லை. மாதவியின் அரங்கேற்றத்துக்குச் சிலப்பதிகாரம் ஒரு காதையையே ஒதுக்கி, அரங்கின் நீள அகலம் வரை சொல்கிறது. ஆனால் ஆடல் பழையது என்றால் இந்த ஆடலும் அதே பழமை என்று ஆகிவிடாது. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற இன்றைய கச்சேரி வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் என்று ஆடல் ஆசான்களான நட்டுவனார் மரபே கைகாட்டுவது சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரை. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் (1798–1832) அரசவையோடு சேர்ந்த பெயர்கள் இவை. அதாவது இந்தக் கச்சேரிக்கு வயது சுமார் இருநூறு.

வரிசையில் மூன்றாவதாக வரும் சப்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். பழைய சப்தங்கள் பலவற்றில் ‘சலாமு’ என்ற சொல் வரும். ஆடுபவர் கையை நெற்றிக்குக் கொண்டுபோவார். பாட்டோ தெலுங்கு, வணக்கமோ அரபுவழி, சபையோ மராட்டியருடையது, ஆட்டுவித்தவர் தமிழர். பரத முனிவர் சலாம் வைத்திருக்க வாய்ப்பில்லை.

பெயரும் அப்படித்தான். ஊரார் இதைச் சதிர் என்றார்கள். நாகஸ்வரக் குழு பெரிய மேளம் என்றால் ஆட்டக் குழு சின்ன மேளம். ‘பரதநாட்டியம்’ எல்லார் வாயிலும் நிலைத்தது 1930-களில்தான்.

2. ‘கோயிலில் பிறந்தது’

இதில் பாதி உண்மை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய ஏறக்குறைய 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கல்வெட்டு பெயர் சொல்லி அடுக்குகிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பது வரை உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கூலி இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. அவர்கள் ஆடிய அடவு என்ன என்று மட்டும் அந்தக் கல் சொல்லவில்லை. அதே கோயிலின் மேல்தளச் சுற்றில் சிவனே ஆடும் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. 108-க்கு இடம் விட்டு, 81-ஐச் செதுக்கி, மிச்சக் கற்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் கரணங்களிலிருந்து இன்றைய அடவுக்கு நேர்க்கோடு போட நினைப்பவர்கள், இடையில் உள்ள எண்ணூறு ஆண்டுகளையும் அந்த வெற்றுக் கற்களைப் போலவே விட்டுவிடுகிறார்கள்.

சதிர் கோயிலில் ஆடியது; அரண்மனையிலும் ஜமீன் வீட்டிலும் கல்யாணப் பந்தலிலும் ஆடியது. நால்வரில் வடிவேலு திருவிதாங்கூர் சுவாதித் திருநாளிடமும், சின்னையா மைசூர் அரசவைக்கும் போனார்கள். இருவரையும் அழைத்தவை அரசவைகள்.

மரபுவழி ஆடற்கலைஞர் பாலசரஸ்வதியே கச்சேரி வரிசையைக் கோயில் அமைப்போடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறாரே என்று கேட்கலாம். பேசினார், 1975-இல், தமிழிசைச் சங்கத்தில். கோபுரத்தில் நுழைந்து கருவறை சேர்வதுபோல் ஆடுபவரும் காண்பவரும் படிப்படியாக உள்ளே போகிறார்கள் என்பது அவர் கண்ட அழகு. அதைப் பிறப்புச் சான்றிதழாக ஆக்கிக்கொண்டது நாம்.

3. ‘நடுவில் கெட்டுவிட்டது’

எப்போது கெட்டது என்று கேட்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டைக் காட்டுவார்கள். இன்று மேடையில் உயிராக நிற்கும் வர்ணங்கள், தில்லானாக்கள் பலவும் அந்த நூற்றாண்டில் பிறந்தவை. கெட்டுப்போன மரத்திலா இத்தனை காய்?

பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தில் கொடுமை இருந்தது. அதை மறைக்க எனக்கு எண்ணமில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். தேவதாசிக் குலத்துக்குள்ளிருந்தே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் நாவலே எழுதினார். அவர்கள் கேட்டது பெண்ணை விற்கும் ஏற்பாட்டை ஒழிக்கச் சொல்லி. தொகுப்புரையில் அது எப்படியோ ‘கலை கெட்டது’ என்று மாறிவிட்டது. கெடுத்த மிராசுதார் பெயர் வருவதில்லை; ஆடியவள் தலையில் பழி.

4. ‘பெரியவர்கள் மீட்டார்கள்’

தொலைந்த பொருளைத்தான் மீட்க முடியும். 1931-இல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் ஆடியவர்கள் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள். வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யர் வாதாடியது கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்த கலைக்காக. ருக்மிணி தேவி கற்றது மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும். 1935-இல் அவர் அடையாற்றில் மேடையேறினார். அடுத்த ஆண்டு அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்திரம் தொடங்கியது. உயிரோடிருந்த ஆசான் கையிலிருந்து வாங்கியதை மீட்டது என்று சொன்னால், கொடுத்தவர் எங்கே போனார்?

வாங்கிய பிறகு மாற்றியதும் உண்டு. உடை மாறியது. ஆடுபவருக்குப் பின்னால் நின்று தாளம் தட்டிய நட்டுவனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மேடைக்கு நடராஜர் சிலை வந்தது. சிருங்காரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். பாலசரஸ்வதி கடைசிவரை ஒப்பவில்லை. கலாக்ஷேத்திரத்தின் உழைப்பு பெரியது, இந்த ஆடலுக்கு உலக மேடை கிடைத்ததில் அதற்குப் பங்குண்டு. அதைப் புதுக்கட்டுமானம் என்று சொன்னால் அந்த உழைப்புக்கு மதிப்புக் கூடவே செய்யும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1947-இல் வந்த சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுவதோடு கோயிலுக்குள் பெண்கள் ஆடுவதையும் தடுத்தது. சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கியது 1981-இல். ‘கோயில் கலை’ கோயிலை விட்டு வெளியேறி, சபாவில் வேறு வீட்டுப் பெண்ணாக வளர்ந்து, திரும்பவும் கோயிலுக்குள் வந்திருக்கிறது.

பிறகு ஏன் இந்தக் கதை?

கலை சமூகத்தின் கண்ணாடி என்பார்கள். கண்ணாடி தானாக யாரையும் அழிக்காது. கலையைப் பற்றிச் சொல்லும் கதைக்கு அந்த வலிமை உண்டு. ஈராயிரம் ஆண்டு என்று சொன்னதும், நடுத்தர வீட்டு அப்பா கூச்சமில்லாமல் மகளைச் சலங்கை கட்ட அனுப்பினார். அது நல்லது. அதே கதையில், தலைமுறை தலைமுறையாகச் சலங்கை கட்டிய வீட்டுப் பெண் தன் பாட்டியின் பெயரைச் சொல்லக் கூசினாள். முனிவர் தொலைவில் இருப்பதால் வசதி. அவருக்குச் சாதி கேட்க வேண்டாம், பங்கு கொடுக்க வேண்டாம். பாட்டி பக்கத்திலேயே இருந்தாள்.

அடுத்த அரங்கேற்றத்தில் சப்தம் வரும்போது அந்தப் பெண்ணின் கையைப் பாருங்கள். நெற்றியருகே போய் ஒரு கணம் நின்று இறங்கும். அந்தச் சலாமைக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர் அழைப்பிதழில் இருக்காது.