யார் செலவில் இந்தத் தொண்டு?

இணைய முகவரியின் கடைசித் துண்டில் தமிழும் வரலாம். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக ஒரு தமிழ்ப் பெயரைச் சேர்க்க வேண்டுமானால், எந்த எழுத்தை அடுத்து எது வரலாம், எவை ஒன்றுபோல் தோன்றி ஏமாற்றும் என்பதற்கெல்லாம் விதி வேண்டும். ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தும், ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டினால் வருவதும் திரையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. தமிழ் ‘உ’வும் மலையாள ‘உ’வும்கூட ஒரே சாயலில் இருப்பவை. போலி வங்கித் தளம் நடத்துகிறவனுக்கு இந்தச் சாயல்தான் மூலதனம்.

இந்த விதிகளை வகுத்தவர்கள் நியோ பிராமி குழு என்ற பெயரில் கூடிய தன்னார்வலர்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், தேவநாகரி உட்பட ஒன்பது எழுத்துமுறைகளை அறிந்த மொழியறிஞர்களும் கணினி வல்லுநர்களும் அதில் இருந்தார்கள். எழுத்தெழுத்தாக ஆராய்ந்து அவர்கள் தயாரித்த தமிழ் விதிகள், களப்பெயர் (இணைய முகவரிப் பெயர்) அமைப்பில் அந்தக் கடைசித் துண்டுகள் பதிவாகும் வேர்ப்பகுதிக்கான விதித்தொகுப்பின் மூன்றாம் பதிப்பில் 2019-இல் இடம்பெற்றன. முகவரியின் கடைசித் துண்டைத் தமிழில் வைக்கப்போகும் எவரும் அவர்கள் உழைப்பின் மேல்தான் நிற்பார்கள்.

இணைய ஆளுகையில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. களப்பெயர்களையும் ஐ.பி. முகவரிகளையும் உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான், 1998-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய லாப நோக்கற்ற நிறுவனம். அதற்குச் சம்பள ஊழியர்கள் உண்டு. ஆனால் களப்பெயர்க் கொள்கையை வரைவது வெளியிலிருந்து வரும் பணிக்குழுக்கள். இணையத்தின் தொழில்நுட்பத் தரங்களை 1986 முதல் வகுத்துவரும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் உறுப்பினர் என்ற ஏற்பாடே கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் பங்கேற்பாளர்கள். வேலையின் அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: இணையப் பெயர், முகவரிப் பதிவேடுகளின் மேற்பார்வையை விட்டுக்கொடுக்கத் தயார் என்று அமெரிக்க அரசு 2014 மார்ச்சில் அறிவித்தது. அதற்கு மாற்று ஏற்பாட்டை வகுக்க, தன்னார்வலர்கள் 600-க்கும் மேற்பட்ட கூட்டங்களையும் தொலைபேசிக் கலந்துரையாடல்களையும் நடத்தினார்கள். 33,000-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை எழுதினார்கள். 2016 அக்டோபர் 1 அன்று மேற்பார்வை கைமாறியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஐகானோ ஐ.இ.டி.எஃப். அமைப்போ சம்பளம் தராத எல்லோரையும் தன்னார்வலர் என்றே அழைக்கிறார்கள். ஆனால் ஒரே மேசையில் இரண்டு வகையினர் உட்கார்ந்திருக்கிறார்கள். களப்பெயர் விற்கும் நிறுவனத்தின் கொள்கை அலுவலர் ஒருவகை. கூட்டத்துக்கு வருவதே அவர் வேலை. பயணச் செலவும் நேரமும் நிறுவனத்தின் கணக்கு. கல்லூரி ஆசிரியரோ, நுகர்வோர் அமைப்பில் இருப்பவரோ, சொந்தமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவரோ இன்னொரு வகை. இவர்கள் வேலை முடிந்து வந்து, தூக்கத்தையும் விடுமுறையையும் கொடுத்துப் பங்கேற்கிறவர்கள். இரு வகையினருக்கும் பட்டம் ஒன்று, செலவு ஒன்றல்ல.

இந்த வேறுபாடு முடிவுகளின் தன்மையையே தொடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. களப்பெயர் வாங்கியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை யார் பார்க்கலாம் என்ற பழைய வழக்கம் அதோடு ஆட்டம் கண்டது. ஐகான் இயக்குநர் குழு ஒரு தற்காலிக ஏற்பாட்டைச் செய்தது. அதன் ஆயுள் அதிகபட்சம் ஓராண்டு. அதற்குள் நிரந்தரக் கொள்கையை வரைய வேண்டியிருந்ததால், பணிக்குழு வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடியது. இப்படிப்பட்ட ஓட்டத்தில் முதலில் மூச்சு வாங்குகிறவர் இரண்டாம் வகைக்காரர்தான். அவர் நின்றுவிட்டால், சாதாரணப் பயனாளரின் தரப்பைப் பேச ஆள் இருக்காது. எவரும் அவரை வெளியேற்றவில்லை, கதவும் திறந்தே இருந்தது. ஆனாலும் முடிவு ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஆகவே தன்னார்வலருக்குத் துணை நிற்பதைக் கருணைச் செயலாகப் பார்ப்பது தவறு. முடிவு நியாயமாக வர வேண்டும் என்றால் அது கட்டாயத் தேவை.

ஆள் சேர்ப்பதில் குறை இருக்கிறதா என்றால், ஓரளவுக்குத்தான். ஐகான் 2007 முதல் நல்கைத் திட்டம் நடத்துகிறது. தேர்வாகிறவர்களுக்குப் பயணமும் தங்குமிடமும் கிடைக்கின்றன. பல நாடுகளில் இணைய ஆளுகைப் பயிற்சிப் பள்ளிகள் நடக்கின்றன. 2016 நவம்பரில் ஐகான் கூட்டம் ஹைதராபாத்துக்கே வந்தது. முதல் கூட்டத்துக்கு ஆளைக் கொண்டுவரும் வழி அமைப்புகளுக்குத் தெரியும். வந்தவர் ஊர் திரும்பிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலவீனம். கழுத்தில் அட்டையோடு படம் எடுத்துக்கொண்டவரின் பெட்டிக்கு அடுத்த வாரம் நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள் வருகின்றன. அவற்றில் பாதி சுருக்கப் பெயர்கள். எதைப் படிப்பது, எதை விடுவது என்று சொல்ல ஆளில்லாவிட்டால், சில மாதங்களில் அவர் ஒதுங்கிவிடுவார்.

எனவே அழைப்பே வேறு மாதிரி இருக்க வேண்டும். ‘எங்களோடு சேருங்கள்’ என்பதை எவரும் வேலையாக எடுத்துக்கொள்ள முடியாது. ‘இந்த வரைவின் மூன்றாம் பகுதியைப் படித்து, உங்கள் மொழியில் அது சரிப்படுமா என்று இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள், ஆறு வாரம் இருக்கிறது’ என்றால் முடியும். நியோ பிராமி குழுவின் பணி அப்படிப்பட்டதுதான். எல்லை தெளிவானது. அதற்கு வேண்டிய மொழியறிவு பெரிய நிறுவனங்களிடம் இல்லை, அந்த மொழிக்காரர்களிடம் இருந்தது. தமக்குத் தெரிந்ததற்கு அங்கே மதிப்பு உண்டு என்று உணர்கிறவர் எளிதில் விலகமாட்டார்.

அடுத்தது நேரம். சர்வதேசப் பணிக்குழுக் கூட்டத்தை உலகப் பொது நேரம் இரவு 8 மணிக்கு வைத்தால் ஐரோப்பாவுக்கு இரவு, அமெரிக்காவுக்குப் பகல். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. நேரத்தைச் சுழற்சியில் மாற்றி, அந்தச் சிரமத்தை எல்லோரும் முறைவைத்துச் சுமப்பது செலவில்லாத உதவி. மொழியும் ஒரு தடைதான். ஐகான் தன் முக்கிய ஆவணங்களை ஐ.நா.வின் ஆறு மொழிகளில் தருகிறது. அந்த ஆறில் இந்திய மொழி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பது கடினம் என்பது உண்மை. ஒவ்வொரு வரைவுக்கும் எளிய நடையில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதுவது அவ்வளவு கடினமில்லை.

வழிகாட்டியை நியமிப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கூட்டத்தின் முதல் நாள் காபியோடு அந்த உறவு முடிந்துவிட்டால் பயனில்லை. புதியவரோடு சேர்ந்து ஒரு கருத்துரையையாவது எழுதி முடிக்கும்வரை வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். எழுதியதில் புதியவரின் பெயரும் இருக்க வேண்டும். ‘இந்த அறிக்கையில் நான் பங்களித்தேன்’ என்று காட்ட ஒரு கடிதம் இருந்தால், கல்லூரி நிர்வாகமோ முதலாளியோ அடுத்த முறை விடுப்புத் தர யோசிக்க மாட்டார்கள்.

விலகும் வழியும் கண்ணியமாக இருக்க வேண்டும். பத்தாண்டாக ஒருவரே எல்லாக் குழுவிலும் இருந்தால் அதை அர்ப்பணிப்பு என்று புகழ்கிறோம். பல நேரங்களில் அது, கைமாற்றிக்கொடுக்க ஆள் தயாராகவில்லை என்பதன் அடையாளம். பதவிக் காலத்துக்கு வரம்பு வைத்து, கடைசி ஆறு மாதத்தில் அடுத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வேலை செய்தால், இருப்பவருக்கு ஓய்வு கிடைக்கும், வருகிறவருக்குத் துணிச்சல் வரும்.

பயணச் செலவு, கூட்டக் கட்டணம், சில இடங்களில் இணைய இணைப்புக்கான தொகை ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். அதை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பதைவிட, நிறுவனம் செலவு தராதவர்களுக்கு முதலில் தருவதே நியாயம். அதற்கு, பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் யார் செலவில் வந்திருக்கிறார் என்று வெளிப்படையாகச் சொல்லும் பழக்கம் வேண்டும். யாருடைய சார்பில் பேசுகிறோம் என்று அறிவிக்கும் நடைமுறை ஐகான் கொள்கைக் குழுக்களில் ஏற்கெனவே உண்டு. அதை இந்தக் கேள்விக்கும் நீட்டினால் போதும்.

இந்த ஆண்டு எத்தனை நாடுகளிலிருந்து எத்தனை புதியவர்கள் வந்தார்கள் என்று அமைப்புகள் பெருமையோடு எண்ணிச் சொல்கின்றன. அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் இருக்கட்டும்: வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டிலும் வரைவு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பின்னால் சம்பளம் தரும் நிறுவனம் இல்லை. இணைய ஆளுகை எல்லோருக்கும் திறந்தது என்ற பேச்சு எவ்வளவு மெய் என்பதை அந்த இரண்டாவது கணக்கு சொல்லிவிடும்.