தடுமாறும் காணொளி: வெற்றிடத்தையாவது காட்டுங்கள்

"லினக்ஸ் வேலை செய்வதற்கு நல்லது, படம் பார்ப்பதற்கு உதவாது" என்பது நீண்ட காலமாகக் கேட்டுவரும் கூற்று. 1991ஆம் ஆண்டு பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர் தொடங்கிய இந்த இயங்குதளத்தின் கரு இன்று அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் அனைத்தினுள்ளும் இருக்கின்றது. அந்தத் தொலைபேசிகளில் உயர்தெளிவுக் காணொளிகள் தங்குதடையின்றி ஓடுவதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். அவ்வாறாயின், வீட்டிலே நாமே பாகங்களைப் பொருத்தி, தொலைக்காட்சிப் பெட்டியின் அருகில் வைத்திருக்கும் லினக்ஸ் கணினியில் மாத்திரம் அதே காணொளி ஏன் தடுமாற வேண்டும்?

இக்கேள்வி முன்னரைவிட இப்போது அதிகமானோருக்கு உரியதாகிவிட்டது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கணினிகளைக் குப்பையில் போட மனமில்லாதவர்கள் அவற்றில் லினக்ஸை நிறுவுகின்றனர். புதிய கணினி வாங்குவது இலகுவல்லாத எமது நாட்டில் இது விவேகமான காரியமே. ஆனால் முதல் வாரத்திலேயே அவர்களுள் பலர் மேற்சொன்ன முடிவுக்கு வந்துவிடுகின்றனர். பழி சரியான இடத்தில் போடப்படவில்லை என்பதே எனது கருத்து.

எங்கள் வீட்டு உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். கனடாவில் வாழும் பெறாமகன், அங்கு நடைபெறும் நல்லது கெட்டது அனைத்தையும் தனது கைத்தொலைபேசியில் பதிவுசெய்து அனுப்புவது வழக்கம். அவர் முன்பு அனுப்பிய திருமணக் காணொளிகள் தடையின்றி ஓடின. அவர் புதிய தொலைபேசி வாங்கிய பின்னர் அனுப்பிய முதலாவது பதிவு, எனது ஒன்றுவிட்ட சகோதரரின் இறுதிக்கிரியை. ஒலி சீராக வந்தது. படமோ நின்று நின்று நகர்ந்தது. நிறங்களும் வெளிறிக் கிடந்தன. விமானச் சீட்டுக்கு வழியின்றி, விசாவுக்கும் வழியின்றி இங்கிருப்பவர்களுக்கு அந்தக் கோப்பு பொழுதுபோக்கு அல்ல. ஓர் உறவின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதற்கான ஒரே வழி.

பத்திரிகைத் தொழிலில் ஒரு செய்தியை உறுதிசெய்யும் ஒழுங்கு உண்டு. யார், எங்கே, எப்போது என்பவற்றைத் தனித்தனியே கேட்காமல் 'ஏன்' என்ற கேள்விக்குப் போகக்கூடாது. கணினிக்கும் அதே ஒழுங்கு பொருந்தும்.

முதலாவது, கோப்பு எங்கிருந்து வருகிறது? இணையத்திலிருந்தோ வீட்டுக் கம்பியில்லா வலையமைப்பிலிருந்தோ வருமாயின் அதைக் கணினியின் வன்தட்டில் பிரதிசெய்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தடுமாற்றம் மறைந்தால் குற்றவாளி வலையமைப்பு.

இரண்டாவது, கோப்பினுள் என்ன இருக்கிறது? பெயரின் இறுதியில் உள்ள 'எம்பி4' என்பது கடித உறை போன்றது. உள்ளேயுள்ள கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை உறை கூறாது. அது 2003இல் வந்த எச்.264 ஆக இருக்கலாம். 2013இல் வந்த எச்.265 ஆக இருக்கலாம். 2018இல் வந்த ஏவி1 ஆகவும் இருக்கலாம். 'எஃப்எஃப்புரோப்' என்னும் இலவசக் கருவி ஒரு நொடியில் இதைச் சொல்லிவிடும். அது தரும் விபரங்களில் நிறத்தின் ஆழம் எட்டு பிட்டா, பத்து பிட்டா என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அந்த மொழியைச் சில்லு அறியுமா? 4கே எனப்படும் படத்தின் ஒரு சட்டகத்தில் 82 இலட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 30 சட்டகங்கள் என்றால் ஏறக்குறைய 25 கோடிப் புள்ளிகளை ஒவ்வொரு வினாடியும் விரித்துத் தர வேண்டும். பொதுவேலைக்கான மையச் செயலி இதனைத் தனியே சுமக்கப் போனால் மூச்சுத் திணறும். இதற்கென்றே வரைகலைச் சில்லுகளில் தனியான சுற்று அமைக்கப்பட்டிருக்கிறது. 'விஏஇன்ஃபோ' என்ற கட்டளை அச்சுற்று அறிந்த மொழிகளைப் பட்டியலிடும். உதாரணமாக, இன்டெல் நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு ஆறாம் தலைமுறைச் சில்லுகளின் சுற்று எட்டு பிட் எச்.265ஐ முழுமையாக விரிக்கும். பத்து பிட்டுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். ஏவி1க்கு 2020இல் வந்த பதினோராம் தலைமுறை வேண்டும்.

நான்காவது, அறிந்த மொழியையாவது மென்பொருள் பயன்படுத்துகிறதா? 'எம்பிவி' என்ற இயக்கியில் படம் ஓடும்போது 'ஐ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால், விரிக்கும் வேலை வன்பொருளில் நடக்கிறதா, எத்தனை சட்டகங்கள் தவறவிடப்பட்டன என்பவை திரையில் தோன்றும். பலருடைய கணினிகளில் சுற்று இருந்தும் அது தூங்கிக்கொண்டிருப்பது இங்கேதான் தெரியவரும்.

ஐந்தாவது, திரை. திரைப்படங்கள் வினாடிக்கு ஏறத்தாழ 24 சட்டகங்கள் கொண்டவை. எமது பழைய திருமண ஒளிநாடாக்கள் 25 கொண்டவை. தொலைக்காட்சி வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுமாயின் இவை எவையும் சமமாகப் பொருந்தா. எனவே சீரான இடைவெளியில் சிறு துள்ளல் தோன்றும். 'கோடி' எனப்படும் ஊடக மென்பொருளில், படத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் தெரிவு உண்டு. அதை இயக்கினால் பெரும்பாலும் போதும்.

எங்கள் கோப்பு மூன்றாவது கேள்வியில் பிடிபட்டது. புதிய தொலைபேசி பத்து பிட் எச்.265இல், விரிந்த ஒளிவீச்சுடன் பதிவுசெய்திருந்தது. எங்கள் பெட்டியின் சில்லு எட்டு பிட்டுடன் நின்றுவிட்ட வகையைச் சேர்ந்தது. தடுமாற்றத்துக்கும் வெளிறிய நிறத்துக்குமான காரணம் அத்துடன் விளங்கிவிட்டது. அதே தாய்ப்பலகையில் பொருந்தக்கூடிய அடுத்த தலைமுறைச் செயலி ஒன்றைப் பழைய பொருட்கடையில் வாங்கிப் பொருத்தினோம். ஒளிவீச்சைச் சாதாரண திரைக்கேற்பக் குறைத்துக் காட்டும் வேலையை எம்பிவி பார்த்துக்கொண்டது.

இதுவரை சொன்னவை பொறுமையால் தீரக்கூடியவை. பொறுமையால் தீராத ஒன்று நான்காவது கேள்வியினுள் ஒளிந்திருக்கிறது. சில்லில் சுற்று இருக்கிறது. அதற்கான விலையை வாங்கியவர் கொடுத்துவிட்டார். அதை இயக்கும் நிரலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்த நிரல் வேண்டுமென்றே அகற்றப்பட்டிருக்கலாம். 2022இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல், ஏஎம்டி வரைகலைச் சில்லுகள் பயன்படுத்தும் மெசா மென்பொருளிலிருந்து எச்.264, எச்.265, விசி-1 ஆகிய மூன்றுக்குமான வன்பொருள் விரிப்பை நீக்கியது. நிரலில் குறை இருந்ததனால் அல்ல. பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமை வழக்குகள் பற்றிய அச்சத்தினால். அதனைத் திரும்பப் பெற விரும்பியோர் வேறொரு களஞ்சியத்தை நாட வேண்டியிருந்தது.

இது லினக்ஸுக்கு மாத்திரம் உரிய நோய் அல்ல. விண்டோஸ் பாவனையாளருக்கு எச்.265 நீட்சியை மைக்ரோசொஃப்ட் 99 அமெரிக்க சதத்துக்கு விற்றது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்கு எம்பெக்-2 திறவுகோல் 2012இல் 2.40 பிரித்தானியப் பவுணுக்குத் தனியாக விற்கப்பட்டது. 2024இல், எச்டிஎம்ஐ 2.1 தரத்தைத் திறந்த மூல இயக்கியில் சேர்ப்பதற்கு ஏஎம்டி முன்வைத்த யோசனையை எச்டிஎம்ஐ அமைப்பு நிராகரித்தது. வன்பொருளிலே வசதி இருந்தும், வேலி போடப்பட்ட இடம் வேறு.

கண்டுபிடித்தவர்களுக்கு ஊதியம் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எச்.264ஐயும் எச்.265ஐயும் உருவாக்கப் பொறியியலாளர் பலர் பல்லாண்டுகள் உழைத்தனர். ஆயினும் எச்.265க்கு 2017அளவில் மூன்று வெவ்வேறு ஆக்கவுரிமைக் கூட்டுகள் தனித்தனியே கட்டணம் கேட்டன. அவற்றில் சேராத உரிமையாளர்களும் இருந்தனர். யாருக்கு எவ்வளவு கொடுத்தால் கணக்குத் தீரும் என்பதைப் பெரிய நிறுவனங்களே அறிய முடியாத நிலை. அதனால்தான் கூகிள், நெட்ஃபிளிக்ஸ், இன்டெல் போன்றவை 2015இல் ஒன்றுகூடி, கட்டணமற்ற ஏவி1ஐ உருவாக்கின. கோடீசுவர நிறுவனங்களே சலித்துப்போன ஒழுங்கில், விலையின்றி மென்பொருள் வழங்கும் தொண்டர்கள் வழக்குக்கு அஞ்சுவதை நான் குறைகூறமாட்டேன்.

எனது குறை அவர்களுடைய மௌனத்தின் மீது. அகற்றப்பட்ட நிரலைப் பற்றிப் பாவனையாளருக்கு ஒரு வரியும் திரையில் சொல்லப்படுவதில்லை. மென்பொருள் சத்தமின்றி மையச் செயலியிடம் வேலையைத் தள்ளிவிடுகிறது. படம் தடுமாறுகிறது, விசிறி இரைகிறது, வீட்டார் கணினியை ஏசுகின்றனர், பொருத்தியவர் தலைகுனிகிறார்.

தணிக்கை என்றால் என்னவென்று அறிந்த தொழிலைச் சேர்ந்தவன் நான். 1975இல் இந்தியாவில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டபோது, இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை தனது ஆசிரியத் தலையங்கத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. எழுத முடியாததை அது எழுதவில்லை. எழுத முடியவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கண்ட வாசகனுக்கு யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. லினக்ஸ் வழங்கல்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவே. "இக்கோப்பை விரிக்கும் வசதி உங்கள் சில்லில் உள்ளது, சட்டக் காரணங்களால் அது இங்கு சேர்க்கப்படவில்லை" என்ற ஒரு வாக்கியம். அதைக் காட்டுவதற்கு எந்த ஆக்கவுரிமையும் தடையல்ல.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஐபோனின் கமரா அமைப்புகளில், பதிவு வடிவத்தைக் கூடிய இசைவுள்ளதாக மாற்றும் தெரிவு இருக்கிறது. விரிந்த ஒளிவீச்சை நிறுத்தும் தெரிவும் இருக்கிறது. ஊருக்கு அனுப்பவேண்டிய நிகழ்வாயின், இவ்விரண்டையும் செய்து 1080 தெளிவில் பதிவுசெய்யுங்கள். அது எச்.264 ஆக வரும். பத்தாண்டுப் பழைய கணினியிலும் ஓடும். ஏற்கெனவே பதிவானவற்றை எச்.264க்கு மாற்றி அனுப்பலாம். ஆனால் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் தெளிவு சிறிது இழக்கப்படும், இழந்தது திரும்பாது.

இங்குள்ளவர்களுக்குச் சொல்வது: பழைய கணினி வாங்கும்போது வேகத்தையும் நினைவகத்தையும் மட்டும் விசாரிக்காதீர்கள். அதன் சில்லு எந்தெந்த மொழிகளை விரிக்கும் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் லினக்ஸ் உள்ள பென்டிரைவ் ஒன்றைச் செருகி, விஏஇன்ஃபோவை ஓட்டிப் பார்த்த பின்னரே பணத்தை எடுங்கள்.

எமது மக்கள் பல நாடுகளில் சிதறி வாழ்கின்றனர். ஒரு வீட்டின் பிறப்பும் இறப்பும் மற்றொரு நாட்டில் கோப்பாகவே வந்துசேர்கின்றன. அந்தக் கோப்பு எந்த மொழியில் எழுதப்பட வேண்டும், யாருடைய அனுமதியுடன் திறக்கப்பட வேண்டும் என்பவை பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் மாத்திரம் பேசித் தீர்க்கவேண்டிய விடயங்கள் என்று எண்ணிவிடலாகாது. அடுத்த முறை படம் தடுமாறும்போது கணினியைத் தட்டாதீர்கள். மேலே கூறிய ஐந்து கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள். நான்கு கேள்விகளுக்கான பதில் உங்கள் வீட்டிலேயே கிடைக்கும். ஐந்தாவதற்கான பதில் வேறெங்கோ பூட்டப்பட்டிருந்தால், அதைப் பூட்டியவர் யாரென்று சத்தமாகவே கேளுங்கள்.