அந்த ஆர்மோனியத்தை விற்கலாகாது



பெந்தெகொஸ்தே திருநாள் ஆராதனைக்கு முன்பாக நம் ஆலயத்துக் கால் ஆர்மோனியத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட நேரம் ஓர் இசை வாசிக்கப்பட்டது. உங்களில் அநேகர் அதைக் கேட்கவில்லை. நீங்கள் ஆலயத்துக்குள்தான் இருந்தீர்கள். ஏலக்காய் என்ன விலை போயிற்று, மதுரை ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். அது எனக்கு வருத்தமே. ஆயினும் இதை எழுதத் தூண்டியது அவ்வருத்தம் அன்று. அதன்பின் சபைக் கமிட்டியில் எழுந்த பேச்சு. அந்த இசை சாவு வீட்டை நினைப்பூட்டுகிறதாம். அது அந்நிய நாட்டுச் சரக்காம். மலையில் கூலிவேலை செய்யும் நம் ஜனங்களுக்கு அது விளங்காதாம். ஆகையால் பழைய பெட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பெரிய ஒலிபெருக்கிகள் வாங்கலாம் என்பது முடிவுரை. இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். அங்கே சொன்னதை உங்கள் எல்லாருக்கும் முன்பாகவும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வாசிக்கப்பட்டது இன்னதென்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். பரிசுத்த ஆவியானவரை நோக்கி விண்ணப்பம்பண்ணும் பழைய ஞானப்பாட்டு ஒன்று உண்டு. அதன் முதற்சரணம் லூத்தருக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மானிய ஜனங்களின் வாயில் இருந்தது. 1524இல் லூத்தர் அதனோடு மேலும் மூன்று சரணங்களைச் சேர்த்தார். டென்மார்க் சபையாரும் அதைத் தங்கள் மொழியாக்கிப் பாடினார்கள். அந்த ராகத்தை ஆர்கனுக்கு இசைத்தவர் டீட்ரிக் பூக்ஸ்டெஹூட. டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகரத்து ஆலயத்தில் ஆர்கன் வாசித்த தகப்பனுக்குப் பிள்ளையாக வளர்ந்து, தாமும் அந்நகரில் அதே ஊழியத்தைச் செய்து, 1668இல் லூபெக் நகரத்து மரியாள் ஆலயத்துக்குச் சென்று, 1707இல் மரிக்கும்வரை அங்கேயே வாசித்தார். இப்பாட்டுக்கு அவர் செய்த இசைவடிவங்கள் இரண்டு நமக்குக் கிடைத்துள்ளன. ஆர்கன் பயின்றவர்களுக்கு வெளியே அவற்றை அறிந்தவர் சிலரே.

அதில் ஆரவாரம் ஒன்றும் இல்லை. கீழ்க்குரல்கள் நிதானமாக நடக்கின்றன. மேலே ராகம் மட்டும் தனித்து நின்று, ஒவ்வொரு சுரத்திலும் சற்றே தங்கி, அசைந்து, சுழித்து, பின் அடுத்த சுரத்துக்கு இறங்குகிறது. கமகம் என்று நாம் சொல்லுவோமே, அதற்கு நெருங்கிய உறவுடையது இது. நாதசுரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியம் என்றால் நான் நம்பமாட்டேன். இதற்கு இரண்டு விசைப்பலகைகளும் காற்கட்டைகளும் வேண்டும். நம் பெட்டியிலோ ஒரே பலகை, காலுக்குத் துருத்தி மட்டுமே. வாசித்தவர் அடிக்குரலை இடக்கையில் சேர்த்துக்கொண்டு, சில இடங்களில் ஒரு குரலை விட்டுவிட்டார். அந்தக் குறையோடும் அது நின்றது.

அந்நியம் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1705ஆம் ஆண்டின் குளிர்காலத்தை எண்ணிப்பாருங்கள். இருபது வயதான பாக் என்னும் வாலிபன், பூக்ஸ்டெஹூடவின் வாசிப்பைக் கேட்கவேண்டும் என்று ஆர்ன்ஸ்டாட் நகரிலிருந்து லூபெக் வரை நடந்தான். நானூறு கிலோமீட்டர், நம் போடியிலிருந்து தரங்கம்பாடிவரை நடப்பதற்கு ஏறத்தாழ ஒப்பு. நான்கு வார விடுப்பில் போனவன் சுமார் நான்கு மாதம் தங்கிவிட்டான். அதே குளிர்காலத்தில், நவம்பர் மாதக் கடைசியில், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, சீகன்பால்கும் புளூச்சோவும் கோபன்ஹேகனில் கப்பலேறினார்கள். 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். லூத்தரின் ஞானப்பாட்டுகளைப் பாடி வளர்ந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட பாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றின் ராகங்களோடு நமக்குத் தந்தார்கள். பிற்பாடு பப்ரிசியுஸ் அம்மரபைச் செம்மைப்படுத்தினார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் நம் ராகங்களிலேயே கீர்த்தனைகள் இயற்றினார். இவ்விரண்டு ஊற்றுகளிலும் மொண்டு குடித்த சபை, ஒன்றை மட்டும் அந்நியம் என்று துப்புவது என்ன நியாயம்? நீங்கள் வாங்கத் துடிக்கும் ஒலிபெருக்கி எந்த மலையில் விளைந்தது? சரிவுகளில் நாம் வளர்க்கும் காபி வெளியிலிருந்து வந்தது. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அவற்றை வெட்டி எறியவேண்டும் என்று எந்தக் கமிட்டியும் இதுவரை தீர்மானிக்கவில்லை.

வார்த்தை இல்லாத இசை ஆராதனையாகுமோ என்று ஒரு மூப்பர் கேட்டார். கேள்வி நேர்மையானது, வேதத்திலேயே விடை இருக்கிறது. எலிசா தீர்க்கதரிசி மூன்று ராஜாக்களுக்கு முன்பாக நின்றபோது, தீர்க்கதரிசனம் உரைக்குமுன் ஒரு சுரமண்டல வாத்தியக்காரனை அழைப்பித்தான். அவன் வாசிக்கையில்தான் கர்த்தருடைய கரம் தீர்க்கதரிசியின்மேல் இறங்கிற்று. அவன் என்ன பாட்டு வாசித்தான், அதற்குச் சொற்கள் இருந்தனவா என்று வேதம் எழுதிவைக்கவில்லை. ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: நாம் வேண்டிக்கொள்ளும் விதம் அறியாதிருக்கும்போது, சொல்லில் அடங்காத பெருமூச்சோடு நமக்காக வேண்டுதல் செய்கிறவர் ஆவியானவர் என்கிறார். அந்த ஆவியானவரைக் குறித்த பாட்டைச் சொற்கள் இன்றி வாசிப்பதற்குப் பெந்தெகொஸ்தே நாளைவிடப் பொருத்தமான நாள் எது?

இனி, நம் ஜனங்களுக்கு இது விளங்காது என்ற பேச்சு. பிரியமானவர்களே, மற்றவற்றைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க என்னால் கூடவில்லை. யார் அந்த ஜனங்கள்? விடியுமுன் ஜீப்பில் நெருக்கி ஏறி, போடிமெட்டு வளைவுகளில் குலுங்கி, நாள் முழுதும் குனிந்து, செடியின் அடியில் மண்ணை ஒட்டிக் கிடக்கும் காய்களில் முற்றினதை மட்டும் விரலால் தெரிந்து பறித்து, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்கிற நம் சகோதரிகள். அந்த விரல்களுக்கு இருக்கும் நுட்பம் காதுகளுக்கு இராது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை யார் உங்களுக்குக் கொடுத்தது? அவர்களுக்குச் சத்தம் போதும் என்று எண்ணுகிறீர்கள். வாரத்தில் ஆறு நாளும் ஜீப்பின் இரைச்சலும் மேஸ்திரியின் அதட்டலும் கேட்டவர்களுக்கு ஏழாம் நாளிலும் சத்தத்தையே படைப்பது அன்பு அன்று.

அன்று ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின், அச்சகோதரிகளில் ஒருவர் ஆர்மோனியத்தின் அருகே நின்றுகொண்டிருந்தார். எழுத்து வாசிக்க அறியாதவர். “அது என்ன பாட்டுங்கய்யா? முடியுற இடத்துல யாரோ கெஞ்சுற மாதிரி இருந்துச்சே” என்றார். அந்தப் பாட்டின் சொற்களை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. வாராந்தரத் தாளிலும் அச்சிடவில்லை. அப்பாட்டின் ஒவ்வொரு சரணமும் ‘கர்த்தாவே இரங்கும்’ என்று பொருள்படும் கிரேக்க விண்ணப்பத்தோடுதான் முடிகிறது. நானூறு பேர் அமர்ந்திருந்த ஆலயத்தில், விளங்காது என்று தள்ளப்பட்டவருக்கே அது விளங்கிற்று.

கீபோர்டு வாசிக்கும் நம் வாலிபர்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர்கள் தாலந்து கர்த்தர் தந்தது. தாளத்தைத் தானாக அடிக்கும் பொத்தானை அணைத்துவிட்டு, பத்து விரல்களாலும் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுமட்டும் கேட்கிறேன். அந்தப் பெரியவரிடத்தில் கற்க இருவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியின் துருத்தித் தோல் இரண்டிடத்தில் கிழிந்திருக்கிறது. அதைச் சீராக்க ஆகும் செலவு, கேட்கப்படும் ஒலிபெருக்கிகளில் ஒன்றின் விலைக்கும் குறைவே.

கமிட்டி புதன்கிழமை மாலை கூடுகிறது. அதற்கு முந்தின ஞாயிறு, முதல் மணி அடித்தவுடனே, அதே இசை மறுபடியும் வாசிக்கப்படும். பேசவேண்டியவற்றை வெளியே வேப்பமரத்தடியில் பேசி முடித்துவிட்டு உள்ளே வாருங்கள். கேட்டபின் வாக்களியுங்கள்.