தேடும் வேலை முதியவருடையதல்ல

முதியோருக்கான உதவி எண்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. மூத்த குடிமக்களுக்கென்றே மத்திய அரசு 2021-இல் நாடு முழுவதும் கொண்டுவந்த 14567 காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. இத்தனை இருந்தும், ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் எண்பது வயது அம்மா ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு அறுவை முடிந்து வீடு திரும்பினால் அந்தக் குடும்பம் என்ன செய்கிறது? மருந்துக்கடைக்காரரிடம் விசாரிக்கிறது. போன வருடம் இதேபோல் ஒருவர் படுக்கையில் கிடந்த வீட்டைத் தேடிப்போய் விசாரிக்கிறது. கடைசியில் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் 'ஹோம் நர்சிங்' நோட்டீஸில் பாதி கிழிந்துபோன எண்ணைப் படித்து அழைக்கிறது.

வாட்டர் பெட் எங்கே வாடகைக்குக் கிடைக்கும், வீட்டுக்கு வந்து பிசியோ செய்பவர் யார், இரவில் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டுமானால் யாரைக் கேட்பது, மாதம் எவ்வளவு ஆகும், பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் இடம் பக்கத்தில் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லும் கடமை இன்று எந்த அலுவலகத்துக்கும் இல்லை. அந்தக் கடமையை ஆவடி மாநகராட்சி ஏற்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

ஆவடியை முதலில் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இது தொழிற்சாலைகளோடு வளர்ந்த ஊர். கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் வந்தது. அங்கேதான் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. படையினருக்கான உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் வளாகம் என்று பல ஊர்க்காரர்களை அழைத்துவந்து குடியமர்த்திய ஊர். வேலைக்கு வந்தவர்கள் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஓய்வுபெறும் தறுவாயில் மிட்டனமல்லி, முத்தாபுதுப்பேட்டை, பட்டாபிராம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினார்கள். பிள்ளைகளில் ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலையில், இன்னொருவர் பெங்களூரில் அல்லது கடல் கடந்து. சொந்த ஊரோ நெல்லையிலோ வேலூரிலோ. அத்தை, சித்தி, மாமா என்று கூப்பிட்டால் ஓடிவரும் உறவு பக்கத்தில் இல்லாத முதுமை இது. கிராமத்து முதுமையைவிட இதற்கு வெளி உதவி அதிகம் தேவை. ஓய்வூதியம் வருகிறது, கையில் கொஞ்சம் பணம் உண்டு. அந்தப் பணத்தைக் கொண்டு நம்பகமான உதவியை எங்கே வாங்குவது என்பதுதான் தெரியவில்லை.

ஆவடி மட்டுமல்ல, மாநிலமே மூப்படைந்து வருகிறது. 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 13.6 சதவீதம் என்று மத்திய அரசின் கணிப்பு சொன்னது. 2031-இல் அது 18.2 சதவீதமாகும், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் முதியோர் விகிதம் அதிகமுள்ள பெரிய மாநிலம் நம்முடையது.

மேற்குப் புறநகரில் இந்தத் தேடலை இரட்டிப்புக் கஷ்டமாக்குவது எல்லைக்கோடுகள். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018-இல் வருவாய் நிர்வாகத்திலும் சென்னை மாவட்டத்துக்குப் போனது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது, ஆனால் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. பூந்தமல்லி நகராட்சியும் திருவள்ளூர் மாவட்டம்தான். காவலுக்கு மட்டும் இந்த மூன்றும் 2022-இல் தொடங்கிய ஆவடி ஆணையரகத்தின் கீழ். அதாவது ஆவடி மாநகராட்சியின் திருமுல்லைவாயலில் இருப்பவருக்கும் பக்கத்து அம்பத்தூரில் இருப்பவருக்கும் போலீஸ் கமிஷனர் ஒருவர், கலெக்டர்கள் இருவர், மேயர்கள் இருவர். தனித்து வாழும் 75 வயதைக் கடந்தோருக்காகச் சென்னைக் காவல்துறை 'பந்தம்' என்ற நல்ல திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் ஆவடி வேறு ஆணையரகம். செய்தித்தாளில் 'சென்னை முதியோருக்கு' என்று ஓர் அறிவிப்பு வந்தால், அது தனக்கும் பொருந்துமா என்று ஆவடிக்காரர் நாலு இடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எழுபத்தைந்து வயதில் இந்த ஆட்சிப் புவியியலை ஒருவர் ஏன் படித்தாக வேண்டும்?

தூரமும் சும்மா இல்லை. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்பது பற்றியோ முதியோர் இல்லம் பற்றியோ விசாரிக்க மாவட்ட சமூகநல அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால் திருவள்ளூர். முதியோர் சிறப்பு மருத்துவம் வேண்டுமென்றால் கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை. அருமையான இடம்தான். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ரயிலில் போவதென்றால் ஷேர் ஆட்டோவில் ஏறி இந்து காலேஜ் அல்லது ஆவடி ஸ்டேஷன், மின்சார ரயிலில் சென்ட்ரல், சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன், மறுபடி ரயில், கிண்டியில் இறங்கிப் படிக்கட்டு, அங்கிருந்து ஓர் ஆட்டோ. மூட்டுவலிக்கு மருத்துவம் பார்க்க மூட்டுவலிக்காரர் கடக்க வேண்டிய பாதை இது. முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவை 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அறிவு நகரின் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருப்பது நியாயமல்ல.

அரசு எட்டாத இடத்தைச் சந்தை பிடித்துக்கொள்கிறது. ஹோம் நர்ஸ் ஏஜென்சிகளை ஒட்டுமொத்தமாகக் குறைசொல்ல மாட்டோம். அவர்கள் அனுப்பும் பெண்களின் உழைப்பில்தான் பல வீடுகளில் முதியவர்கள் சுத்தமாகக் குளித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு வாழ்கிறார்கள். ஆனால் முன்பணம் எவ்வளவு, வந்தவர் நாலே நாளில் நின்றுவிட்டால் பணம் திரும்புமா, வருபவர் பயிற்சி பெற்ற நர்ஸா வெறும் உதவியாளரா, அவர் கையில் போகும் சம்பளம் எவ்வளவு என்ற எதுவும் எழுத்தில் இருப்பது அபூர்வம். ஊசி போடத் தெரிந்தவர் என்று அனுப்பப்படுபவரின் சான்றிதழைக் கேட்கும் தைரியம், அவசரத்தில் நிற்கும் குடும்பத்துக்கு வருவதில்லை. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. இணையத்தில் தேடினால் முதலில் வருவது நல்ல நிறுவனமல்ல, விளம்பரத்துக்குப் பணம் கட்டிய நிறுவனம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில், வக்கீல் வைக்காமலே, முதியவர் மனு கொடுக்கலாம். தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தரலாம். பார்த்துக்கொள்வதாக வாக்களித்து வீட்டை எழுதி வாங்கிய பிள்ளை பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கும்போது, எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யக் கேட்கலாம். ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கக்கூடிய இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றாவது அமையட்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆவடி, திருமுல்லைவாயல் தெருக்களில் எத்தனை பெரியவர்களுக்கு இது தெரியும்? ரேஷன் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்று கேட்டால் விடை கிடைக்கும்.

வீடு தேடிப் போவது எப்படி என்று தமிழக அரசுக்குத் தெரியாததல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் தருகிறது. படுக்கையில் கிடப்பவருக்கு வலிதணிப்புச் சிகிச்சையும் பிசியோவும் அதில் அடக்கம். 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் 70 வயதைக் கடந்தோர் வீட்டுக்கு ரேஷன் பொருள் வண்டியில் போகத் தொடங்கியது. ஆக, எந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டினால் ஒரு முதியவர் இருப்பார் என்பது அரசின் கையில் இருக்கும் தகவல். அரிசி கொண்டுபோகும் கையோடு, உதவி எங்கே கிடைக்கும் என்று அச்சிட்ட ஒரு தாளைக் கொண்டுபோக என்ன தடை?

பகல்நேர மையங்களுக்கும் தொடக்கம் உண்டு. 2025-26 பட்ஜெட்டில் 10 கோடி ரூபாயில் 25 அன்புச்சோலை மையங்கள் அறிவிக்கப்பட்டன. பாராட்டத்தக்க யோசனை, ஆனால் மாநிலம் முழுமைக்கும் 25 என்பது முன்னோட்டம் மட்டுமே. வேலைக்குப் போகும் மருமகளோ மகளோ காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துப்போகும் தூரத்தில் இல்லாத பகல்நேர மையம் பயன்படாது.

மற்ற நாடுகளில் இது எப்படி நடக்கிறது? ஆஸ்திரேலியா 2013-இல் 'மை ஏஜ்டு கேர்' என்ற ஒரே எண்ணையும் இணையதளத்தையும் தொடங்கியது. தபால் குறியீட்டைச் சொன்னால் அந்தப் பகுதியின் சேவைகள் தெரியும். அதுவே போதுமென்றுதான் நினைத்தார்கள். முதியோர் பராமரிப்பை ஆராய்ந்த அரச ஆணையம் 2021-இல் அறிக்கை தந்தபோது, தொலைபேசியும் இணையமும் மட்டும் எல்லோருக்கும் வழிகாட்டிவிடாது, நேரில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும் என்றது. 2023-இல் அதற்கென்றே வழிகாட்டிகளை அமர்த்தினார்கள். ஜப்பான் 2006-லேயே பேட்டைக்கு ஒரு முதியோர் ஆதரவு மையத்தை வைத்துவிட்டது. சுகாதாரச் செவிலியர், சமூகப் பணியாளர், பராமரிப்புத் திட்டமிடுபவர் மூவரும் ஒரே கூரையின் கீழ். ஜப்பானின் பணம் நம்மிடம் இல்லை, சரி. ஆனால் செயலி ஒன்றை வெளியிட்டு, அமைச்சரை வைத்து பட்டன் அழுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் நம்மூர் வழக்கத்துக்கு ஆஸ்திரேலியாவின் அனுபவம் நல்ல பாடம். கண்புரையோடு இருப்பவர் ஓ.டி.பி. வரக் காத்திருக்க மாட்டார்.

நாம் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஆவடி மாநகராட்சி தன் 48 வார்டுகளுக்கும் முதியோர் சேவைப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்கட்டும். உரிமம் பெற்ற முதியோர் இல்லங்கள், அவற்றின் கட்டணம், இன்று இடம் இருக்கிறதா இல்லையா. தன்னிடம் விவரம் கொடுத்துப் பதிந்த வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகள், அவர்களின் விலைப்பட்டியல். வீட்டுக்கு வரும் பிசியோக்கள், ரத்தம் எடுக்க வரும் லேப்கள். வாக்கர், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கருவி வாடகைக்குத் தரும் கடைகள். தீர்ப்பாயத்துக்கு மனு எழுதித் தருபவர். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்துக்கும், 70 வயதைக் கடந்தோருக்கான ஆயுஷ்மான் காப்பீட்டுக்கும் எங்கே பதிவது என்ற விவரம். எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் எண்ணையும் கூப்பிட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும். செத்துப்போன எண்கள் கொண்ட பட்டியல், பட்டியல் இல்லாததைவிட மோசம். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இதற்கென ஒருவர் உட்கார வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் தெருத்தெருவாக நடக்கும் பெண்களைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்? ஆனால் இருக்கிற ஊக்கத்தொகைக்குள் இன்னொரு சுமையை ஏற்றாமல், தனிச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். அம்பத்தூர் மண்டலமும் பூந்தமல்லி நகராட்சியும் இதே வடிவத்தில் தங்கள் பதிவேட்டைத் தயாரித்தால், எல்லைக்கோட்டின் அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்துத் தெரு இல்லத்தின் பெயரும் முதியவர் கண்ணில் படும்.

பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை, மாநகராட்சிக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. கடமையை யாரும் மறுக்கவில்லை. அதைச் செய்ய முன்வரும் மகளுக்கும் மகனுக்கும்தான் இந்தப் பதிவேடு முதலில் தேவைப்படும். பார்த்துக்கொள்ள மனமில்லாதவன் எதற்குத் தேடப்போகிறான்? இன்னொரு தயக்கம் நியாயமானது: முதியோர் விவரம் வெளியே போனால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகிவிடாதா? ஆகவேதான் சேவைகளின் பட்டியல் பொதுவில் இருக்கட்டும், முதியவர்களின் பட்டியல் வெளியே வரவே கூடாது என்கிறோம்.

பதிவேட்டைச் சரிபார்க்க மேடையும் தயாராக இருக்கிறது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் மாநகரங்களில் பகுதி சபைகள் தொடங்கின. விளக்கும் கால்வாயும் பேசும் அந்தக் கூட்டத்தில் இந்தப் பட்டியலையும் வாசிக்கலாம். 'இந்த இல்லத்தை மூடி ஆறு மாதமாச்சு', 'அந்த ஏஜென்சி முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை' என்று சொல்ல அங்கே ஆள் இருப்பார்கள்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். மாமன்றத்தில் ஒரு தீர்மானமும், நகர்நல அலுவலரிடம் பொறுப்பும், சிறிய நிதி ஒதுக்கீடும் போதும். ஆவடி மேயரும் ஆணையரும் அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே இதை முன்வைக்க வேண்டும். வாசகர்களும் சும்மா இருக்க வேண்டாம்: உங்கள் கவுன்சிலரைப் பார்க்கும்போது சாலையைக் கேட்பதோடு, உங்கள் வார்டின் முதியோர் சேவைப் பட்டியல் எங்கே என்றும் கேளுங்கள்.