எழுந்து ஆடுவது வீரமா?

"விழுந்தவன் எழுந்தான், மீண்டும் ஆடினான், அவனன்றோ வீரன்!" பாடசாலை மைதானங்களிற் காலங்காலமாக ஒலித்துவரும் புகழுரை இது. கால் சுளுக்கியவனைப் பற்றியதாயின் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். தலையில் அடிபட்ட சிறுவனைப் பற்றியதாயின் இது புகழுரையன்று. அவனைப் பலிக்களத்திற்கு அனுப்பும் வாழ்த்தாகும்.

மூளையதிர்ச்சி என்பது யாது? தலையிலோ உடலிலோ ஏற்படும் தாக்கத்தினால் மண்டையோட்டினுள் மூளை குலுங்கி, அதன் தொழிற்பாடு குழம்பும் நிலையே அது. அதற்கு உள்ளானோருட் பெரும்பாலானோர் நினைவிழப்பதில்லை. இரத்தமோ வீக்கமோ தோன்றவேண்டுமென்பதுமில்லை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், தடுமாற்றம், மறதி என்பனவே அதன் குறிகள். அவையும் சிலவேளை மணித்தியாலங்கள் கழிந்தே வெளிப்படும். 2014ஆம் ஆண்டு உதைபந்தாட்ட உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஜேர்மனிய வீரர் கிறிஸ்டோஃப் கிராமர், தலையில் அடிபட்ட பின்னரும் ஏறத்தாழ 14 நிமிடங்கள் களத்தில் நின்றார். இதுதான் இறுதிப் போட்டியா என அவர் மத்தியஸ்தரிடமே வினவினார்! வைத்தியர்கள் சூழ, உலகமே நோக்கியிருந்த அரங்கில் நிகழ்ந்தது இது. அவ்வாறாயின், "எனக்கு ஒன்றுமில்லை, சேர்" எனப் பாடசாலைச் சிறுவன் கூறுவதை எங்ஙனம் நம்புவது? தன் நிலையை மதிப்பிடவேண்டிய உறுப்பே அன்றோ அடிபட்டிருக்கிறது!

முதலதிர்ச்சி ஆறுமுன் மீண்டுமோர் அடி விழுமாயின், அரிதாகவேனும், இளையோரின் மூளை விரைந்து வீங்கி உயிரையே பறிக்கும். 2011இல் வட அயர்லாந்தில், பாடசாலை றக்பிப் போட்டியொன்றில் அடிமேல் அடிபட்டும் தொடர்ந்து ஆடிய 14 வயது மாணவன் இவ்வாறே இறந்தான். ஆட்டம் வேறாயினும் மூளை ஒன்றே.

இதற்கு மாற்று எளிது: ஐயம் எழுந்தால் வெளியேற்றுக, அன்று மீண்டும் இறக்காதிருக்க. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009இல் இதனைச் சட்டமாக்கியது; மருத்துவ அறிவுடையோரின் எழுத்துமூல அனுமதியின்றி இளையோர் களத்துக்குத் திரும்பலாகாது என்றது. 2023இல் ஐக்கிய இராச்சியம் வகுத்த வழிகாட்டல், 21 நாட்களுக்குமுன் போட்டிக்குத் திரும்பலாகாது என்கிறது.

"எம் மைதானங்களில் வைத்தியர் இல்லையே" என்பர் சிலர். வைத்தியர் இல்லாத மைதானத்திற்கே இவ்விதி இன்றியமையாதது. நோயை நிர்ணயிக்கவே பட்டம் வேண்டும், ஐயுறுவதற்கு வேண்டியதில்லை. "நேரங்கடத்துவதற்காக நடிப்பர்" என்பர் வேறு சிலர். நடித்தவன் அன்றைய ஆட்டத்தையே இழப்பானாயின், எவன் நடிப்பான்?

"பதிலாட்டக்காரர் தொகை தீர்ந்திருந்தால் அணி குறையுமே" என்பதொன்றே செவிசாய்க்கத்தக்க வாதம். அதற்கும் வழியுண்டு. மூளையதிர்ச்சிக்கென மேலதிகப் பதிலாட்டக்காரரை அனுமதிக்கும் உரிமையை, 2024ஆம் ஆண்டு முதல் ஆட்ட விதிகளே போட்டி நடத்துவோருக்கு அளித்துள்ளன. அதனைப் பாடசாலைப் போட்டிகளிற் கைக்கொள்ளத் தடை யாது?

முடிவெடுக்கும் பொறுப்பை வெற்றியில் நாட்டங்கொண்ட பயிற்றுநரிடம் மட்டும் விடலாகாது. மத்தியஸ்தர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோருள் எவர் ஐயுற்றாலும் அதுவே போதுமானதாகட்டும். போட்டி நடத்துவோர் அடுத்த பருவம் தொடங்குமுன்னரே இதனை எழுத்தில் விதியாக்குதல் வேண்டும். கிண்ணத்தை அடுத்த ஆண்டும் வெல்லலாம். அம்மாணவன் பரீட்சை மண்டபத்தில் தெளிந்த தலையோடு அமரவேண்டியவன் என்பதை மறவாதிருப்போமாக.