புகை போகும் வழி

சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய பாட்டு புறநானூற்றில் 228-ஆவதாக இருக்கிறது. மன்னனை அடக்கம் செய்யத் தாழி வனைய வேண்டிய குயவரைப் பார்த்துப் புலவர் பேசுகிறார். அந்தத் துக்கத்திலும் அவர் கண் குயவரின் சூளைமேல் படுகிறது. இருட்டே திரண்டது போன்ற அதன் புகை அகன்ற வானத்தை நோக்கிப் போவதை அவர் சொல்லாமல் விடவில்லை. அந்தச் சூளைக்கு வானம் இருந்தது.

மும்பை தாராவியின் கும்பார்வாடாவில் வானம் அவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. சௌராஷ்டிரத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிழைப்புத் தேடி வந்த குயவர்களின் சந்ததி இங்கே வாழ்கிறது. நகரம் வளர வளர இடம் மாற்றப்பட்டு, 1930-களில் தாராவிக்கு வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். அப்போது இது ஊருக்கு வெளியே கிடந்த சதுப்பு நிலம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த தமிழர்களும் இதே சதுப்பில்தான் குடியேறினார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பின்னாளில் தேவனாருக்குப் போய்விட்டன. குயவர்களின் சக்கரம் நகரவில்லை. தை முதல் நாளில் 90 அடி சாலையில் வரிசையாகப் பொங்கல் வைக்கும் தமிழ்ப் பெண்கள் மண்பானைக்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

கும்பார்வாடா வீட்டின் அமைப்பே தொழிலுக்காக ஏற்பட்டது. முன்பக்கம் சாலையை ஒட்டி வியாபாரம். உள்ளே குடித்தனமும் சக்கரமும். பின்னால் பல வீடுகளுக்குப் பொதுவான முற்றம். சூளை அங்கேதான். குஜராத்தியில் அதற்குப் பட்டி என்று பெயர். செங்கல்லால் நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, மேல்பக்கத்தைத் திறந்தே விட்ட எளிய அமைப்பு. நெருப்பு கீழே, பானை மேலே. சூடான காற்று பானைகளின் இடுக்கில் புகுந்து மேலேறி வெளியேறிவிடும். நம் ஊர் வேளார் வறட்டியும் விறகும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே சேறு மெழுகிச் சுடுவதும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். (சென்னையில் சூளை என்றும் சூளைமேடு என்றும் இரண்டு பேட்டைகள் உண்டு. அங்கே இன்று குடியிருப்போர் தங்கள் முகவரியில் புகை வாசனையை உணர்வதில்லை.)

வித்தியாசம் எரிபொருளில் இருக்கிறது. பஞ்சாலைகள் நிறைந்த நகரத்தில் குயவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது பஞ்சுக் கழிவு. 1982-ல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் தாராவியைச் சுற்றித் தையல் பட்டறைகளுக்குக் குறைவில்லை. துண்டுத் துணிக்கும் பஞ்சமில்லை. சிக்கல் என்னவென்றால், இன்றைய துண்டுத் துணி வெறும் பருத்தி அல்ல. பாலியஸ்டரும் நைலானும் கலந்தது. பருத்தி எரிந்தால் வரும் புகை வேறு, பாலியஸ்டர் எரிந்தால் வருவது வேறு. பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி இன்னும் மோசம்.

சூளை பற்றவைத்த முதல் மணிகளில் எழும் வெண்புகையில் பெரும்பகுதி நீராவி. பச்சைப் பானையில் தங்கிய ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் பானை வெடிக்கும். பிறகு 350 டிகிரி செல்சியசிலிருந்து சுமார் 600 வரை, களிமண்ணோடு ரசாயனமாகவே கலந்துள்ள நீர் பிரியும். அதற்கப்புறம் அந்த மண்ணை எவ்வளவு நீரில் ஊற வைத்தாலும் மறுபடி சேறாகாது. சாதாரண மண்பாண்டம் 700 முதல் 1,000 டிகிரிக்குள் வெந்துவிடும். இடையில் புதிய எரிபொருள் திணிக்கும் ஒவ்வொரு முறையும் எழுவதுதான் கரும்புகை. காற்று போதாமல் பாதி எரிந்த கரியும் வாயுவும் அது. அதாவது புகை என்பது வீணான எரிபொருள். குயவரின் காசுதான் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் நுழைகிறது.

அப்படியானால் ஒரு புகைபோக்கி வைத்தால் என்ன? கேள்வி எளிது. பதிலில் ஒரு கணக்கு இருக்கிறது. சூளை கட்டுவோரிடையே நெடுநாளாக வழங்கும் சூத்திரம் ஒன்று உண்டு. தீயை மேலிருந்து கீழாக இழுத்து வெளியேற்றும் சூளையில், கீழ்நோக்கி இழுக்கும் ஒவ்வொரு அடிக்கும் 3 அடி உயரப் புகைபோக்கி வேண்டும். பக்கவாட்டில் இழுக்கும் ஒவ்வொரு 3 அடிக்கும் கூடுதலாக 1 அடி. உள்ளறை 4 அடி உயரம், பக்கவாட்டில் 3 அடி என்று வைத்துக்கொண்டால் 12-ம் 1-ம் சேர்ந்து 13 அடி. இந்த உயரத்தில் சூளை நன்றாக மூச்சுவிடும்.

ஆனால் தாராவியில் தரையிலிருந்து 13 அடி என்பது பெரும்பாலும் மாடி வீட்டின் ஜன்னல். இரும்பு ஏணி வைத்து ஏறும் அந்த மாடியறையில் ஒரு குடும்பம் தூங்கும், அல்லது 10 பேர் தையல் மிஷினில் குனிந்திருப்பார்கள். சூளைக்குப் பொருத்தமான உயரம் அயலாருக்குப் பொருத்தமாக இல்லை. கூரைக்கு மேலே கொண்டுபோய் 25 அடியாக்கினால் இழுப்பு அளவுக்கு மீறி, சூடு தங்காமல் ஓடிவிடும். அதைக் கட்டுப்படுத்த நடுவில் தள்ளித் திறக்கும் தகடு வேண்டும். உயர்ந்த குழாய் காற்றில் ஆடாமலிருக்கக் கம்பி கட்ட வேண்டும். கம்பியைக் கட்டுவது யார் சுவரில்? சூத்திரங்களில் அயலார் வருவதில்லை.

பட்டியைவிட்டு கேஸுக்கோ மின்சாரத்துக்கோ மாறச் சொல்வது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சுலபம். அகல்விளக்கும் தண்ணீர்ப் பானையும் மலிவாக விற்கும்வரைதான் விற்கும். துண்டுத் துணியில் சுட்ட அகலோடு கேஸில் சுட்ட அகல் விலையில் போட்டி போட முடியாது. புகையைச் சுவாசிப்பவர்களில் முதல் ஆள் குயவர், இரண்டாவது அவர் மனைவி, மூன்றாவது முற்றத்தில் விளையாடும் குழந்தை என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. சாய்வான மூடியும் சரியான காற்றுத் துளைகளும் உலர்ந்த எரிபொருளும் சேர்ந்தாலே புகை கணிசமாகக் குறையும். செலவும் குறைவு. புகையைப் பற்றிய பேச்சு அங்கிருந்து தொடங்குவது நியாயம்.

இது ஒரு புறம். மறுபுறம், மாட்டுங்காவின் பழைய மூன்று மாடிக் கட்டடங்களிலும் செம்பூரின் காலனிகளிலும் புகையே வராத சூளைகள் நுழைகின்றன. புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் நாட்டின் பல பகுதிகளில் சூளை வைத்தார்கள். இப்படிப் பரவிய பீங்கான் கலை இன்று பலருக்கு மாலை நேரப் பொழுதுபோக்கு. சக்கரம் வாங்கியாயிற்று, அடுத்தது சூளைதான். வாஷிங் மெஷின் அளவுக்கு ஒரு மின்சூளை. சத்தம் இல்லை, புகை இல்லை. பால்கனியை மூடிய அறையில் வைத்துவிடலாம் என்று தோன்றும்.

கும்பார்வாடாவின் கரும்புகை கண்ணை எரித்து எச்சரிக்கிறது. மின்சூளை அந்த மரியாதையைக்கூடக் காட்டாது. களிமண்ணில் இயற்கையாகவே மக்கிய தாவரப் பொருள் இருக்கும். கந்தகமும் இருக்கும். சூளைக்குள் இவை எரியும்போது கார்பன் மோனாக்சைடும் கந்தக டை ஆக்சைடும் வெளிவரும். கந்தகத்துக்கு நெடி உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுபவர்கள் உண்டு. குளியலறை கேஸ் கீசரால் நேர்ந்த மரணங்கள் அவ்வப்போது செய்தித்தாளில் வருகின்றனவே, அதே வாயுதான்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் தேவனார் குப்பைமேடும் சூழ வாழும் செம்பூர்க்காரர்களுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வீட்டுக்குள் தாங்களே உண்டாக்கும் வாயு விஷயத்தில் மட்டும் அவர்களும் ஏமாறக்கூடும். எக்ஸாஸ்ட் மின்விசிறி மாட்டிவிட்டால் போதும் என்பது பரவலான நினைப்பு. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்றுக்கு வழி இல்லையென்றால் விசிறி வெறுமனே சுற்றும். எதிர்ச் சுவரில் தாழ்வாக ஒரு திறப்பு வேண்டும். சூளையின் அடியிலிருந்தே காற்றைச் சிறு குழாய் மூலம் உறிஞ்சி வெளியே தள்ளும் தனி விசிறி இன்னும் நல்லது. வாயு அறைக்குள் பரவும் முன்பே பிடிபடுகிறது. அந்தக் குழாயின் முனை எங்கே போய் முடிகிறது என்பது முக்கியம். மும்பைக் கட்டடங்களில் குளியலறைகளெல்லாம் நடுவில் உள்ள ஒரு டக்ட்டை நோக்கித் திறக்கும். அதில் விட்டால் மேல்மாடிக்காரரின் குளியலறைதான் புகைபோக்கி. வெளிச்சுவர் வழியாக, யாருடைய ஜன்னலுக்கும் கீழே இல்லாதபடி விட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மேற்குச் சுவர் விசிறியை எதிர்த்துத் தள்ளும். மூடாக்கு இல்லாவிட்டால் மழையும் உள்ளே வரும். மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை அடுத்த அறையிலும் வைத்துக்கொள்வது நல்லது. சூளை எரியும் இரவில் அங்கேதான் ஆள் தூங்குகிறார்கள்.

மின்சாரம் அடுத்த பூதம். சமையலறையின் 16 ஆம்பியர் பிளக், 230 வோல்ட்டில், 3,680 வாட்தான் தாங்கும். 6 கிலோவாட் சூளை 26 ஆம்பியர் கேட்கும், அதுவும் மணிக்கணக்கில். மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., கசிவு மின்சாரத்தை நிறுத்தும் கருவி, ஒழுங்கான எர்த் எல்லாம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட மின்சுமையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் ஒயர் எந்தக் காலத்தது என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகு சூளைக்கு ஆர்டர் கொடுப்பது புத்திசாலித்தனம். சூளைக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது 45 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். திரைச்சீலை, பிளைவுட் அலமாரி, பழைய பேப்பர் கட்டு எதுவும் பக்கத்தில் கூடாது.

கேஸ் சூளையென்றால் விதி தலைகீழ். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதற்குத் தரை மட்டத்தில் திறப்பு வேண்டும், எரிந்த சூட்டுக்கு உயரத்தில் திறப்பு வேண்டும். மூடிய அடித்தளத்தில் கேஸ் சூளை வைக்கவே கூடாது. அடுக்குமாடி வீட்டுக்குள்ளும் வேண்டாம் என்பதே சரி.

இந்த இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று சந்திக்கும் நாள் நெருங்குகிறது. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மாநில அரசு 2004-ல் ஒப்புதல் கொடுத்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு 2022 நவம்பரில் அதானி குழுமம் டெண்டரை வென்றது. திட்ட நிறுவனத்தில் அதற்கு 80 சதவிகிதம், மாநில அரசுக்கு 20. குடியிருப்புகள் அடுக்குமாடிக் கட்டடங்களாகும். குயவருக்கு எந்த மாடி கொடுத்தாலும், மாட்டுங்காக்காரர் இன்று கேட்க வேண்டிய கேள்விகளை அவரும் கேட்டாக வேண்டும். அவருக்குச் சூளை பொழுதுபோக்கு அல்ல என்பதால் பல மடங்கு பெரிதாக.

20 மாடிக் கட்டடத்தின் நிழலில் முற்றத்துப் பட்டியை அப்படியே வைக்க முடியாது. எந்தப் புகைபோக்கியும் 20 மாடியைத் தாண்டாது. சூளைகள் குடியிருப்பிலிருந்து விலகிய தனிக் கொட்டகையில், தரை மட்டத்தில், களிமண் லாரி வந்து நிற்க இடம்விட்டு, பலருக்கும் பொதுவாக அமைய வேண்டும். பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து வருவதால் கொட்டகை கிழக்கு எல்லையில் இருப்பது உசிதம். பானை காயத் திறந்தவெளி வேண்டும். ஈரப் பானையைத் தலையில் சுமந்து லிஃப்டில் இறங்குவது நடக்கிற காரியமல்ல என்பதால் சக்கரமும் சூளைக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். வரைபடத்தில் இதற்கு எத்தனை சதுர அடி ஒதுக்கப்படுகிறது என்பதுதான் கும்பார்வாடா கேட்க வேண்டிய முதல் கேள்வி. வீட்டின் சதுர அடி அதற்கு அடுத்தது.